ஹோமோஜீனியஸுக்கு எந்தத் தமிழ்?

கோபிசெட்டிபாளையம் பக்கம் உழவர் குழு ஒன்றை நடத்தும் தம்பி ஒருவர், போன மாசம் ஓர் ஆங்கிலக் கையேட்டைத் தமிழாக்கச் சொல்லித் தந்தார். மண் மாதிரி எடுப்பது, மாட்டுக்குத் தீவனம் கலப்பது, மருந்து தெளிப்பது, மஞ்சளைத் தரம் பிரிப்பது, பால், கடைசியாக மகளிர் குழு சேர்ப்பது என்று ஆறு அத்தியாயம். ஆறிலும் சேர்த்து ஹோமோஜீனியஸ் என்ற ஒரே பெயரடை பதினொரு இடத்தில் வந்தது. "ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லாப் போட்டுருங்கண்ணா. பின்னாடி சொல் பட்டியல்ல ஒத்தை வரியில முடிஞ்சிரும்" என்றார்.

முடியவில்லை. மற்ற சொற்களுக்கு ஒரு வாரம் ஆனது என்றால், இந்த ஒன்றுக்கு மட்டும் பத்து நாள். என் மேசையில் ஏழு வேட்பாளர்கள் இருந்தார்கள். யாரை எங்கே எடுத்தேன், யாரை ஏன் தள்ளினேன் என்பதை எழுதி வைக்கிறேன். பள்ளியில் பாடம் நடத்துகிறவர்களுக்கும், ஊராட்சி, சொசைட்டி, மில் என்று எங்காவது அறிவிப்பு எழுதுகிறவர்களுக்கும் இதே சிக்கல் ஒரு நாள் வரும்.

முதலில் ஆங்கிலச் சொல்லின் சங்கதி. கிரேக்கத்தில் ஹோமோஸ் என்றால் 'ஒரே'. கெனோஸ் என்றால் 'குலம், வகை'. எல்லாப் பகுதியும் ஒரே வகையாக இருக்கிற பொருளுக்கு அடைமொழி இது. (நடுவில் ஒரு 'ஈ' ஒலியை விழுங்கி 'ஹொமாஜினஸ்' என்று பலரும் சொல்கிறார்கள், எழுதவும் செய்கிறார்கள். அந்த எழுத்தில் உயிரியலுக்கென்று தனிச் சொல்லும் ஒன்று இருந்தது. ஒரே மூதாதையிலிருந்து வந்த உறுப்புகளைக் குறித்தது. இப்போது அதை யாரும் அப்படி வைத்துக்கொள்வதில்லை.)

இந்தச் சொல் ஒன்றை மட்டும் சொல்லாமல் மறைக்கிறது: அந்த ஒருமை எப்படி வந்தது என்பதை. விரலி மஞ்சள் குவியல் ஒரே வகையாக இருக்கிறது என்றால், கிழங்கையும் உடைசலையும் யாரோ உட்கார்ந்து பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். உப்புத் தண்ணீர் ஒரே வகையாக இருக்கிறது என்றால், இரண்டு வேறு பொருளை யாரோ கலந்திருக்கிறார்கள். ஒன்று பிரித்ததால் வந்தது, மற்றொன்று கலந்ததால் வந்தது. இரண்டும் எதிரெதிர் வேலை. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே பெயரடையை ஒட்டிவிட்டுப் போய்விடுகிறது. தமிழில் எந்தச் சொல்லை எடுத்தாலும் அது இந்த இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்தேதான் நிற்கிறது. என்னுடைய பத்து நாளும் இந்த ஒரு விஷயத்தில்தான் போனது.

மண் மாதிரி அத்தியாயத்தில் இது பளிச்சென்று தெரிந்தது. ஒரே பக்கத்தில் இரண்டு தடவை அந்தச் சொல். முதல் தடவை: தோட்டத்தை ஹோமோஜீனியஸ் பகுதிகளாகப் பிரி. அதாவது மேட்டில் செம்மண்ணும் பள்ளத்தில் கரிசலும் இருந்தால், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்பாதே. நிறம், சரிவு, போட்ட பயிர், வைத்த எரு பார்த்துத் தனித்தனியாக்கு. பிறகு ஒவ்வொரு பகுதியிலும் 10 முதல் 15 இடத்தில், மேல் சருகைத் தள்ளிவிட்டு, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆப்பு வடிவில் குழி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். வரப்போரம், எருக்குழிப் பக்கம், மரத்தடி, வாய்க்கால் ஓரம் ஆகாது. இரண்டாம் தடவை அந்தச் சொல் வருவது இதற்கு அப்புறம்: எடுத்ததையெல்லாம் கொட்டி ஹோமோஜீனியஸாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் கால்பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு, மீதியைத் திரும்பக் கலந்து, அரைக் கிலோ வரும்வரை இப்படியே செய்.

முதலில் பிரி என்கிறது, அப்புறம் கலக்கு என்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டால், படிக்கிற விவசாயி ஒரு இடத்திலாவது தடுக்கி விழுவார். கொங்கில் ஒரே ஏக்கருக்குள் மூன்று மண் இருக்கும். மேக்கால செம்மண், நடுவில் ஓடைக்கல் கலந்த சுண்ணாம்பு மண், கிழக்கால கரிசல். 'கலக்கு' என்பதை முதல் இடத்தில் படித்துவிட்டால் மூன்றும் ஒரே பையில் போகும்; வருகிற அறிக்கை எந்த மண்ணுக்கும் பொருந்தாது.

சரி, இனி வேட்பாளர்கள்.

கிரேக்கத்துக்கு அடிக்கு அடி நெருக்கமாக நிற்பது 'ஓரினமான'. இலங்கைத் தமிழில் இதே வழியில்தான் போனார்கள்: ஏகவினக் கலவை, பல்லினக் கலவை என்று அங்கே வேதியியலில் எழுதுகிறார்கள். கட்டமைப்பில் குறை சொல்ல முடியாத சொற்கள். எனக்கு 'ஏகவினம்' காதுக்குப் பிடிக்கவும் செய்கிறது. ஆனால் 'இனம்' என்பதற்குத் தமிழில் ஒரு பழைய குணம் இருக்கிறது. இலக்கணத்தில் ககரத்துக்கு ஙகரம் இனம், சகரத்துக்கு ஞகரம் இனம் என்று படித்தோம். கவும் ஙவும் ஒன்றா? இல்லை. ஒன்று வல்லினம், மற்றது மெல்லினம். பிறக்கும் இடம் ஒன்று என்பதால் உறவு. ஆக இனம் என்பது ஒருமையைச் சொல்கிற சொல் இல்லை, உறவைச் சொல்கிற சொல். எங்கள் பக்கம் 'இனஞ்சனம்' என்று சொல்வதும் இதைத்தான். கல்யாணப் பந்தலில் கூடியிருக்கிற இனஞ்சனம் எந்த விதத்திலும் ஒரே தன்மையாக இருப்பதில்லை என்பது பந்தி பரிமாறினவர்களுக்குத் தெரியும்.

இதற்கு மேல் ஒரு வினை, அதுவும் என் கைப்படச் செய்தது. சில வருசம் முன்னால் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான வழிகாட்டி ஒன்றைத் தமிழாக்கினேன். குழுவில் 10 முதல் 20 பேர், குழு ஹோமோஜீனியஸாக இருப்பது நல்லது என்று மூலத்தில் இருந்தது. வருமானம், தொழில், தேவை ஏறக்குறைய ஒத்திருந்தால் ஒருத்தர் மற்றவரை அமுக்க மாட்டார், கடன் வசூலும் சிக்கல் இல்லாமல் போகும் என்பது அதன் அர்த்தம். நான் 'ஓரினக் குழுவாக இருத்தல் நலம்' என்று போட்டேன். கூட்டத்தில் அதை வாசித்தபோது முன்வரிசையில் இருந்த ஆத்தா ஒருவர், "ஏங் கண்ணு, அப்ப எங்க சனம் தனியா, அவீங்க சனம் தனியான்னு சொல்றியா?" என்று கேட்டார். நான் வாயடைத்துப் போனேன். காகிதத்தில் இருந்தது அப்படித்தான் வாசிக்கப்படும். சாதி பார்த்துக் குழு சேர் என்று அரசாங்கமே சொன்ன மாதிரி. 'ஓரினம்' என்ற முன்னொட்டோடு தன்பாலீர்ப்பைக் குறித்து ஒரு பழைய சொல் புழங்கிவருவதால், பின்வரிசையில் இளசுகள் சிரித்தது தனி. அன்றிலிருந்து மனிதர்களைப் பற்றிய வாக்கியத்தில் 'இனம்' என்ற சொல்லை நான் தொடுவதில்லை. பொருள்களுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம், அதிலும் மஞ்சள், பருத்தி, நெல் மாதிரி தனித்தனி மணியாக எண்ணக்கூடிய சரக்குக்கு மட்டும்.

அடுத்தது 'ஒருபடித்தான'. தமிழ்நாட்டுப் பள்ளி அறிவியல் பாடநூலில் உட்கார்ந்துவிட்ட சொல். ஒருபடித்தான கலவை, பலபடித்தான கலவை. மேல் வகுப்பு இயற்பியலுக்குப் போனால் பரிமாணங்களின் ஒருபடித்தான நெறிமுறை. இங்கே 'படி' என்பது அப்படி, இப்படி, எப்படி என்பவற்றில் இருக்கிற படி, விதம், தன்மை. கலவையின் எந்த மூலையில் ஒரு துளி எடுத்தாலும் ஒரே படி. இனம் என்ற வம்பே இதில் இல்லை. உப்பும் தண்ணீரும் வேறு வேறாகப் பிறந்தாலும் கலந்த பிறகு ஒருபடியாகலாம் என்பதை இந்தச் சொல் அனுமதிக்கிறது. கிரேக்க வேரை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்த சொல். என் கணக்கில், கலைச்சொல்லாக்கத்தில் நன்றாக விளைந்த சொற்களில் ஒன்று.

குறை அதன் முகத்தில் இருக்கிறது. முதல் தடவை பார்க்கிற பிள்ளைகள் 'ஒரு, படித்தான்' என்று பிரித்துப் படித்துவிட்டு யார் படித்தான் என்று கேட்கும். படி என்றால் அரிசி அளக்கிற படி என்று நினைக்கிறவர்களும் உண்டு. ஒரு வாத்தியார் ஒருமுறை விளக்கிவிட்டால் தீர்ந்தது. ஆனால் கையேட்டுக்குப் பக்கத்தில் வாத்தியார் நிற்பதில்லை.

இதைவிடப் பெரிய குறை மருந்து தெளிக்கும் அத்தியாயத்தில் வந்தது. தென்னையில் குருத்தழுகலுக்கு 1 சதவீத போர்டோ கலவை: 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். துத்தத்தைத் தனியாகவும் சுண்ணாம்பைத் தனியாகவும் கரைத்து, அப்புறம் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. கலந்த பிறகு தீட்டிய கத்தியை முக்கிப் பார்த்து, அதில் துரு நிறத்தில் செம்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். மூலத்தில் 'ஹோமோஜீனியஸ் ஆகும்வரை கலக்கவும்' என்று இருக்கிறது. நான் பழக்க தோஷத்தில் 'ஒருபடித்தானதாகும்வரை' என்று எழுதிவிட்டேன். மறுநாள் படிக்கும்போதுதான் உறைத்தது. போர்டோ கலவை ஒரு நாளும் ஒருபடித்தானதாக ஆகாது. தண்ணீரில் நீலத் துகள் மிதக்கிற கலவை அது. கொஞ்ச நேரம் விட்டால் அடியில் படியும். பள்ளிப் பாடத்தின்படி அது பலபடித்தான கலவை. ஆங்கிலத்தில் எழுதினவர் பேச்சு வழக்கில் சொன்னதை நான் கறாரான வேதியியல் சொல்லால் பொய்யாக்கிவிட்டேன். ஒன்பதாவது படிக்கிற பையன் கையில் கையேடு கிடைத்தால், "அப்பா, இது தப்பு" என்று சொல்லியிருப்பான், சரியாகத்தான் சொல்லியிருப்பான்.

சொல்லைக் கலைச்சொல் என்று ஆக்கினால் அதற்கு ஒரு வேலி வந்துவிடுகிறது. வேலிக்கு வெளியே மேயவிடக் கூடாது. ஒருபடித்தானவை நான் வேதியியலும் இயற்பியலும் பேசுகிற இடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். கையேட்டில் அப்படி ஓர் இடம்தான் இருந்தது: உரம் கரைந்த சொட்டு நீர்க் கரைசல்.

'சம' என்று தொடங்கும் சொற்கள் மூன்றாவது கட்சி. கணக்கில் இது ராஜா. பன்னிரண்டாம் வகுப்பில் சமபடித்தான சமன்பாடுகள் என்று வரும். கணக்கில் படி என்றால் அடுக்கின் அளவு. எக்ஸின் வர்க்கம் ஒரு உறுப்பு, எக்ஸையும் ஒய்யையும் பெருக்கியது ஒரு உறுப்பு, ஒய்யின் வர்க்கம் ஒரு உறுப்பு; மூன்றுக்கும் படி 2. எல்லாம் சம படி. ஆங்கிலத்தில் 'ஒரே குலம்' என்று மறைமுகமாகச் சொன்னதைத் தமிழ் நேராக அளந்து சொல்கிறது. இந்த ஓர் இடத்தில் மூலத்தைவிடத் தமிழ்ச் சொல் மேல் என்று அடித்துச் சொல்வேன்.

ஆனால் பாலில் போய்ச் சிக்கிக்கொண்டது. கையேட்டில் பால் பதப்படுத்துவது பற்றி ஒரு பக்கம். ஹோமோஜினைஸ் செய்வது என்றால், பாலை மிகுந்த அழுத்தத்தில் மிகச் சிறிய இடுக்கு வழியாகத் தள்ளி, கொழுப்புத் திவலைகளை நொறுக்கி விடுவது. திவலை 2 மைக்ரானுக்கும் கீழே சிறுத்துவிட்டால் மேலே எழும்பி வராது. ஏடு தனியாகப் பிரியாது. பிரான்சைச் சேர்ந்த ஒகுஸ்த் கோலென் 1899-இல் இந்த இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இதைச் 'சமன்படுத்திய பால்' என்று எழுதலாமே என்று கை போனது. அது ஏற்கெனவே வேறு பாலுக்குப் போய்விட்ட பெயர். ஆவின் நீலப் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள், சமன்படுத்தப்பட்ட பால். அது கொழுப்பை 3 சதவீதமாகவும், கொழுப்பில்லாத திடப்பொருளை 8.5 சதவீதமாகவும் வைத்த பால். திவலையை நொறுக்குவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 'நிலைப்படுத்தப்பட்ட' என்ற பெயரும் பச்சைப் பாக்கெட்டுக்குப் போய்விட்டது. 'ஒருபடித்தாக்கிய பால்' என்றால், மறுபடியும் அதே வேலிச் சிக்கல்: எவ்வளவு நொறுக்கினாலும் நுண்ணோக்கியில் கொழுப்பு தனித் திவலையாகத்தான் தெரியும், பால் பலபடித்தானதாகவே இருக்கும். கடைசியில் ஹோமோஜினைஸ் செய்த பால் என்றே விட்டு, பக்கத்தில் 'கொழுப்பு மேலே திரளாதபடி நொறுக்கியது' என்று ஒரு விளக்கம் சேர்த்தேன். தோற்றுப்போனது மாதிரி இருந்தது. ஆனால் தப்பான தமிழைவிடச் சரியான இரவல் தேவலை.

இரவல் என்றதும் மில் ஞாபகம் வருகிறது. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் ஆறு வருசம் ஸ்பின்னிங் மில்லில் தர ஆய்வகத்தில் இருந்தேன். அங்கே ஹோமோஜீனியஸ் என்ற சொல்லை அறிக்கையில் எழுதுவோம். யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். பேல் பேலாக, அதாவது பொதி பொதியாக, வருகிற பஞ்சில் ஒவ்வொன்றுக்கும் நீளம் வேறு, மைக்ரோனேர் வேறு. மைக்ரோனேர் என்பது இழையின் நயத்தையும் முதிர்ச்சியையும் சேர்த்துக் காட்டுகிற அளவு, காற்றை உள்ளே விட்டுப் பார்ப்பது; மில்லில் 'மைக்' என்று சுருக்கிவிடுவார்கள். வெவ்வேறு பேலை வரிசையாக வைத்து எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலப்பதுதான் மிக்ஸிங். அதில் கோட்டை விட்டால் நூலில் தெரியாது, துணியிலும் தெரியாது. திருப்பூரில் சாயம் போட்ட பிறகு தெரியும்: பனியன் துணியில் குறுக்கே பட்டை பட்டையாக விழும். முதிர்ந்த இழை ஒரு மாதிரி சாயம் குடிக்கும், முதிராத இழை வேறு மாதிரி. "மிக்ஸிங் சரியில்லீங்க, பட்டை விழுகுது" என்று போன் வரும். 'பட்டை விழாத நூல்' என்பதுதான் அங்கே ஹோமோஜீனியஸ் என்பதற்குத் தமிழ். அகராதியில் வராது.

அது எனக்கு ஒரு வழியைக் காட்டியது. வேலை செய்கிற இடங்களில் நம் ஆட்கள் ஒருமையை நேராகச் சொல்வதே இல்லை. அது கெட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லி, அது இல்லாமல் செய் என்பார்கள். மாவு கரைக்கும்போது 'கட்டி தட்டாம'. விதைக்கு 'கலப்பில்லாம'. நிலத்துக்கு 'மேடு பள்ளமில்லாம'. சாயத்துக்கு 'திட்டு விழாம'. கிரைண்டரில் உளுந்தைத் தனியாகவும் அரிசியைத் தனியாகவும் ஆட்டி, அப்புறம் உப்புப் போட்டு இரண்டையும் கையால் கரைத்து வைக்கிறவர்களிடம் 'ஒருபடித்தான கலவை' என்றால் சிரிப்பார்கள். 'ஒண்ணு சேரக் கரைச்சு வை' என்றால் முடிந்தது. தீவன அத்தியாயத்தில் இதைத்தான் எடுத்தேன். தவிடு, புண்ணாக்கு, மாவுடன் தாது உப்பைச் சேர்க்கும்போது உப்பு ஒரு பக்கம் கட்டியாக நின்றால், ஒரு மாடு அதிகமாகத் தின்னும், மற்றொன்றுக்கு ஒன்றும் போகாது. 'தாது உப்பு ஒரே இடத்தில் நிற்காமல், கட்டி தட்டாமல், ஒன்று சேரக் கலக்கவும்.' போர்டோ கலவைக்கு 'அடியில் படியாமல் கலக்கிக்கொண்டே தெளிக்கவும்'. மூலத்தில் ஒரு பெயரடை, தமிழில் ஒரு வினையெச்சம். சொல்லுக்குச் சொல் இல்லை என்று யாராவது குறைபட்டால், மாட்டைக் கேட்கட்டும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. செய் என்று சொல்கிற இடத்தில் பிரமாதமாக நிற்கும். இது என்ன என்று வரையறுக்கிற இடத்தில் நிற்காது. 'கட்டி தட்டாத கலவை என்பது யாது?' என்று தேர்வில் கேட்க முடியாது. பாடநூலுக்குப் பெயரடையே வேண்டும்.

'ஒரே மாதிரியான' என்பதை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். எல்லாருக்கும் புரியும். ஆனால் மாதிரி என்றால் சாம்பிளும் மாதிரிதான். 'ஒரே மாதிரியான இடங்களில் மாதிரி எடுத்து மாதிரிகளை ஒரே மாதிரியாகக் கலக்கவும்' என்று ஒரு வரி என் முதல் வரைவில் உண்மையாகவே இருந்தது. தவிர, ஒரே மாதிரி என்பது பார்வைக்கு. சுண்ணாம்புத் தூளும் மைதாவும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மீதி இருப்பது 'ஒருசீரான'. இதைப் பலர் ஒருபடித்தானவுக்குப் பதில் போடுகிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சீர் என்பது பரவலைப் பற்றியது. ஒரு பரப்பில், ஒரு ஓட்டத்தில், இடத்துக்கு இடம் ஏற்றத்தாழ்வு இல்லாமல் இருப்பது சீர். செம்மண்ணும் கரிசலும் பத்தடிக்கு ஒன்றாக மாறி மாறி ஒழுங்காக வந்தால் அதுகூடச் சீர்தான், ஆனால் ஒரே வகை இல்லை. ஆங்கிலத்தில் யூனிஃபார்ம் என்று தனிச் சொல்லே இருக்கிறது. ஒருசீரை அதற்கு விட்டுவிடுவது முறை. என்றாலும் நிலம் பற்றிப் பேசும்போது இது சொகுசாக உட்காருகிறது. சொட்டுநீர்க் குழாயில் முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் தண்ணீர் ஒருசீராக வரவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல தமிழ் இல்லை. மண் மாதிரியின் முதல் இடத்தில் 'மண்ணின் நிறமும் தன்மையும் ஒருசீராக உள்ள பகுதி பகுதியாகப் பிரிக்கவும்' என்று போட்டேன். இரண்டாம் இடத்தில் 'ஒன்று சேரக் கலக்கவும்'. இப்போது ஒன்று பிரிப்பு, மற்றொன்று கலப்பு என்று தடுமாறாமல் படிக்க முடிகிறது.

மஞ்சளுக்கு வந்தால், சந்தையில் இருப்பவர்கள் எனக்கு முன்னாலேயே முடிவு பண்ணிவிட்டார்கள். ஈரோட்டு மஞ்சள் 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே விரலி வேறு, கிழங்கு வேறு என்று பிரித்து விற்கிற வழக்கம் இருந்தது. மூட்டையில் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்க்கிறவர் தேடுவது கலப்பு இருக்கிறதா என்பதைத்தான். இங்கே ஒருபடித்தான என்று எழுதுவது அபத்தம், மஞ்சள் கலவை இல்லை. 'தரம் பிரித்த, கலப்பில்லாத சரக்கு' என்று அந்த அத்தியாயத்தில் சொல் வந்த நான்கு இடத்திலும் போட்டேன். இனம் என்ற சொல்லுக்கு இங்கே நியாயம் இருந்தது. ஆனால் 'ரகம்' என்று எல்லோரும் சொல்கிற இடத்தில் 'இனம்' என்று எழுதுவது எழுதுகிறவரின் வீம்பு.

ஒரு சின்ன விலகல். கலைச்சொல் வேலை இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. 1916-லேயே சேலத்தில் ராஜாஜி முன்னின்று அறிவியல் சொற்களுக்காக ஒரு பரிபாஷைச் சங்கம் தொடங்கினார். திருப்பூர்க்காரரான அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்து தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு வழி செய்தார். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து போன பெரியசாமித் தூரன் அதன் பத்துத் தொகுதிகளையும் இருந்து முடித்தார்; அவை 1954 முதல் 1968 வரை வெளிவந்தன. அவர்கள் காலத்தில் கேள்வி, தமிழில் சொல் உண்டா என்பது. எனக்குச் சொல் இருக்கிறது, ஏழு இருக்கிறது. எதை எங்கே வைப்பது என்பதுதான் என் தலைவலி. இதைத் தொல்லை என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

கடைசியாகக் குழு அத்தியாயம். ஓரினம் போட்டுப் பட்ட பாடு இருக்கவே, ஒருபடித்தான மனிதர்கள், ஒருசீரான பெண்கள் என்றெல்லாம் எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். ஆங்கிலப் பெயரடை இங்கே சோம்பேறித்தனமாக இருக்கிறது. எதில் ஒருமை என்று சொல்லாமல் தப்பிக்கிறது. நான் அதைச் சொல்ல வைத்தேன். 'வருமானமும் தேவையும் ஏறக்குறைய ஒத்திருக்கிற 10 முதல் 20 பேர் சேரலாம்; எந்தச் சமூகத்தவர் என்பது கணக்கில்லை.' இரண்டாவது பாதி மூலத்தில் கிடையாது. தம்பியிடம் கேட்டுத்தான் சேர்த்தேன். "இருக்கட்டுங்கண்ணா, அது இல்லாட்டித்தான் வம்பு" என்றார்.

பட்டியலில் ஒத்தை வரி கேட்டவருக்கு ஹோமோஜீனியஸ் என்ற தலைப்பின் கீழ் நான்கு வரி கொடுத்தேன்: கரைசலுக்கு ஒருபடித்தான, நிலத்துக்கும் நீர்ப் பாய்ச்சலுக்கும் ஒருசீரான, சரக்குக்குக் கலப்பில்லாத, ஆட்களுக்கு இன்னதில் ஒத்த. கலக்குகிற வேலைக்கு 'கட்டி தட்டாமல்' என்பதைப் பட்டியலில் ஏற்றவில்லை. அது சொல் இல்லையாம். தம்பி அதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்.

கையேட்டுக்குப் பக்கம் வடிவமைத்த பெண் நேற்று கூப்பிட்டார். "சார், மத்ததெல்லாம் ஒத்தை வரிங்க, இது மட்டும் நாலு வரி வருது. டேபிள் ஒரே சீரா இல்லீங்களே, ரெண்டு வரியாக் குறைச்சுக்கலாமுங்களா?"

அப்படியே விடச் சொல்லிவிட்டேன்.